யாரும் தோற்காத பரீட்சை

பி.யூ.சி. என்றால் நம் வயதினருக்கு அது ஒரு படிப்பு. எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர்கள் டிகிரிக்குப் போகும் முன் ஒரு வருடம் காலேஜில் படித்தது. அதில் தோற்றவர்கள் ஊருக்கு ஒரு பத்துப் பேராவது இருந்தார்கள். நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் எனக்கு அந்தப் பி.யூ.சி. கிடையாது, பக்கலோரெயாதான். அதில் தோற்றவர்கள் இன்னும் அதிகம். தோற்றவன் ஒரு வருடம் தெருவில் தலைகுனிந்து நடப்பான், பிறகு மறுபடி எழுதுவான்.

இப்போது பி.யூ.சி. என்றால் வண்டிக்கு வாங்கும் புகைச் சான்றிதழ். உங்களை ஒன்று கேட்கிறேன். இந்தப் பி.யூ.சி.யில் தோற்ற வண்டி எதையாவது உங்களுக்குத் தெரியுமா? உங்கள் வண்டி, மகன் வண்டி, பக்கத்து வீட்டுக்காரர் வண்டி, மாடியில் குடியிருப்பவரின் டெம்போ, ஏதாவது ஒன்று? நான் கடந்த சில மாதங்களாக எதிர்ப்பட்டவரையெல்லாம் கேட்டுவிட்டேன். காலையில் நடக்க வருபவர்கள், பென்ஷன்காரர்கள், ஆட்டோக்காரர்கள், இரண்டு லாரி டிரைவர்கள். ஒருவரும் "ஆமாம், என் வண்டி தோற்றது" என்று சொல்லவில்லை. யாரும் தோற்காத பரீட்சையை எங்கள் பள்ளியில் பரீட்சை என்று சொல்ல மாட்டார்கள்.

ஸ்கூட்டரை விடுங்கள். நான் எழுத வந்தது லாரியைப் பற்றி.

எங்கள் வீடு கோரிமேட்டுச் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே. இரவு பத்து மணிக்கு மேல் திண்டிவனம் பக்கம் போகிற, வருகிற லாரிகள் ஆரம்பிக்கும். முப்பது வருடமாக அந்தச் சத்தத்தில்தான் தூங்குகிறேன், அதனால் சத்தத்தைப் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியும். சில வருடங்களாக ஒரு புது மாதிரிச் சத்தம் சேர்ந்திருக்கிறது. வண்டி புதியது, பெயிண்ட் மங்கவில்லை, ஆனால் சத்தம் தொண்டை கட்டிய எருமை மாதிரி. அந்த வண்டி போன பிறகு ஒரு வாடை நிற்கும். பழைய லாரியின் கரும்புகை வாடை வேறு. இது கண்ணை உறுத்துகிற, மூக்கின் மேல்பக்கம் பிடிக்கிற வாடை. மாடியின் கைப்பிடிச் சுவரைக் காலையில் ஈரத்துணியால் துடைத்தால் துணி கறுக்கும். வீட்டில் அம்மாளுக்கு மூச்சிரைப்பு. நெபுலைசர் பெட்டி டி.வி.க்குப் பக்கத்திலேயே இருக்கிறது. டாக்டர் தெருப் பக்க ஜன்னலைத் திறக்காதீர்கள் என்றார், திறப்பதில்லை. ஒரு நல்ல வீட்டின் கிழக்கு ஜன்னல், கடல் காற்று வருகிற ஜன்னல், மூடிக் கிடக்கிறது.

புது வண்டியில் ஏன் பழைய புகை என்ற கேள்விதான் என்னை இதில் இழுத்துவிட்டது.

2020 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் பதிவாகும் புது வண்டிகளெல்லாம் பாரத் ஸ்டேஜ் 6 என்ற அளவுக்கு உட்பட்டவை. 5 என்ற படியைத் தாண்டி 4லிருந்து நேராக 6க்குப் போனோம். அதற்காக டீசலையே மாற்றினார்கள். டீசலில் இருக்கும் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கு என்றிருந்ததை 10 பங்காகக் குறைத்தார்கள். எண்ணெய்க் கம்பெனிகள் சுத்திகரிப்பு ஆலைகளில் கோடிக்கணக்கில் செலவு செய்தன. அந்தச் செலவெல்லாம் டீசல் விலையிலும் லாரி விலையிலும், கடைசியில் நாம் வாங்கும் அரிசி பருப்பு விலையிலும் வந்து சேர்ந்தது. ஆக, நீங்களும் நானும் காசு கொடுத்துவிட்டோம்.

அந்தக் காசுக்கு லாரியின் புகைக்குழாயில் சில சாமான்கள் வந்தன. முக்கியமானவை இரண்டு. ஒன்று துகள் வடிகட்டி. சல்லடை போன்ற பீங்கான் கட்டை ஒன்று தகரப் பெட்டிக்குள் இருக்கும். புகையிலுள்ள கரித்தூளை அது பிடித்து வைத்துக்கொண்டு, அவ்வப்போது 600 டிகிரிக்குப் பக்கமாகச் சூடேறித் தானே எரித்துவிடும். இரண்டாவது, யூரியாக் கரைசல் தெளிக்கிற பெட்டி. பெட்ரோல் பங்க்கில் நீல மூடி கேன்களில் வைத்திருக்கிறார்களே, அதுதான். 32.5 சதம் யூரியா, மீதி உப்பு நீக்கிய தண்ணீர். சூடான புகையில் தெளித்தால் யூரியாவிலிருந்து அம்மோனியா வரும். அது நைட்ரஜன் ஆக்சைடு என்கிற விஷவாயுவோடு சேர்ந்து அதைச் சாதாரண நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடும். நல்ல ஏற்பாடு. பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்த எங்கள் முசியே இருந்திருந்தால் கரும்பலகையில் சமன்பாடு எழுதி மகிழ்ந்திருப்பார்.

இந்த இரண்டையும்தான் கழற்றி எறிகிறார்கள்.

லாரி வேலை பார்த்த மெக்கானிக் ஒருவர் எனக்குப் பழக்கம். இப்போது வேலையை விட்டுவிட்டு மகனோடு இருக்கிறார். அவரிடம் கேட்டேன். சிரித்தார். "ஐயா, வடிகட்டி அடைச்சிக்கிச்சின்னா வண்டி இழுக்காது. புதுசு மாத்தணும்னா லட்சக் கணக்குல சொல்லுவான். யூரியாத் தண்ணி தீந்துபோனா கம்ப்யூட்டரே வண்டியை முடக்கிப்புடும். லோடு ஏத்திக்கிட்டு நடுராத்திரி மைலம் பக்கத்துல நின்னுட்டா யாரு வருவா? அதான் உள்ள இருக்கற கட்டையை உடைச்சி எடுத்துட்டு, பெட்டியை அப்படியே வெச்சி வெல்டு வெச்சிடறாங்க. கம்ப்யூட்டருக்கு ஒரு சின்னப் பொட்டி மாட்டிட்டா எல்லாம் சரியா இருக்குன்னு அதுவே நம்பிக்கும்."

டிரைவரும் முதலாளியும் சொல்லும் குறையில் நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஒரு சென்சார் கெட்டுப்போனால் அதை மாற்ற விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ உடனே ஆள் கிடைப்பது கஷ்டம். தவணை கட்ட வேண்டியவன் வண்டியை மூன்று நாள் நிறுத்திவைக்க முடியாது. நூறு லிட்டர் டீசலுக்கு ஐந்து லிட்டர் அளவில் யூரியாக் கரைசலும் வாங்க வேண்டும், அது கூடுதல் செலவுதான். கலப்படக் கரைசல் விற்கிறவனிடம் மாட்டிக்கொண்டு மெஷினைக் கெடுத்துக்கொண்டவர்களும் உண்டு. இதற்கெல்லாம் வண்டிக் கம்பெனிகள் பதில் சொல்ல வேண்டும். நெடுஞ்சாலையில் ஐம்பது கிலோமீட்டருக்கு ஒரு இடத்தில் ரிப்பேர் வசதி வையுங்கள் என்று சங்கங்கள் கேட்டால் நானும் கையெழுத்துப் போடுவேன். ஆனால் அவர் மிச்சம் பிடிக்கிற காசு எங்கிருந்து வருகிறது? என் வீட்டு நெபுலைசரிலிருந்து வருகிறது. அந்த டிரைவரின் நெஞ்சிலிருந்தும்தான். ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் அந்தப் புகையோடு இருக்கிறவர் அவர்தானே. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2012ஆம் வருடமே முதல் வரிசையில் சேர்த்துவிட்டது. புகையிலை இருக்கிற வரிசை அது.

மெக்கானிக் சொன்னதில் ஒரு வார்த்தையை நான் விடவில்லை. "பெட்டியை அப்படியே வெச்சி." வெளியே பார்த்தால் எல்லாம் இருக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது. மோட்டார் சைக்கிள் பையன்கள் மாற்றுகிற சைலன்சர் பளபளவென்று தெரியும், டப்டப் என்று கேட்கும். அதனால் போலீஸ் பிடிக்கிறது. பல ஊர்களில் அவற்றை வரிசையாக ரோட்டில் அடுக்கி ரோடு ரோலர் ஏற்றி நசுக்குகிற படம் பேப்பரில் வருகிறது. நமக்கும் பார்க்க சந்தோஷமாக இருக்கிறது. அந்த ரோடு ரோலருக்கு அடியில் ஒரு லாரியின் காலிப் பெட்டி போனதாக ஒரு படமும் நான் பார்த்ததில்லை. ஒரு லாரியின் புகை எத்தனை மோட்டார் சைக்கிளுக்குச் சமம் என்று யோசித்தால் நாம் நசுக்க வேண்டியது எதை என்று தெரியும்.

சரி, புகைப் பரிசோதனையில் பிடிபடாதா? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

டீசல் வண்டிக்குச் செய்கிற சோதனை இதுதான். வண்டியை நிறுத்தி, கியரில் போடாமல், ஆக்சிலரேட்டரைச் சட்டென்று அடிவரை அழுத்தி விட வேண்டும். இப்படிச் சில தடவை. வெளியே வரும் புகையைக் குழாய் வைத்து ஒரு மெஷினுக்குள் இழுத்து, அதன் வழியாக வெளிச்சம் பாய்ச்சி, எவ்வளவு வெளிச்சம் மறைகிறது என்று பார்ப்பார்கள். பாரத் 4க்கு முந்தைய டீசல் வண்டிக்கு அளவு 65, பாரத் 4 வண்டிக்கு 50. பழைய லாரிக்கு இது பொருத்தமான சோதனைதான். பழைய லாரி கரும்புகை விடும், கரும்புகை வெளிச்சத்தை மறைக்கும்.

அதிலேயே ஏமாற்று உண்டு. அழுத்த வேண்டிய பெடலை மெதுவாக அழுத்தினால் புகை குறையும். குழாயை அரைகுறையாகச் செருகினால் வெளிக்காற்று கலந்துவிடும். பழைய வண்டியில் பம்ப் ஸ்க்ரூவைச் சோதனைக்கு முதல் நாள் கொஞ்சம் திருகி, மறுநாள் பழையபடி திருகிவிடுவார்கள். இதெல்லாம் எனக்கு மெக்கானிக் சொன்னது. அவர் காலத்தில் அதற்கு டீ செலவு மட்டும்தான் வாங்குவாராம்.

ஏமாற்றே இல்லாமல் ஒழுங்காகச் செய்தால்கூடப் புது லாரியை இந்தச் சோதனை பிடிக்காது. புது எஞ்சினில் டீசலை மிக அதிக அழுத்தத்தில் பொடிப்பொடியாகத் தெளிக்கிறார்கள். அதனால் வருகிற கரித்தூளும் மிகப் பொடியானது, கண்ணுக்குத் தெரியாதது. வெளிச்சத்தை அது மறைக்காது. வடிகட்டியை உடைத்து எறிந்த லாரிகூட இந்த மெஷின் முன்னால் வந்து நின்று பாஸ் வாங்கிக்கொண்டு போகலாம். நுரையீரலுக்கு ஆழமாகப் போவதும் அந்தப் பொடித்தூள்தான். யூரியாப் பெட்டி சமாச்சாரம் இன்னும் மோசம். நம் டீசல் சோதனையில் நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதே கிடையாது. அளக்காத ஒன்றை யார் கண்டுபிடிப்பது? கண் உறுத்துகிற அந்த வாடைக்குச் சான்றிதழில் ஒரு கட்டம்கூட இல்லை.

ஐரோப்பாவில் இதைக் கண்டுகொண்டார்கள். வெளிச்சம் பாய்ச்சுவதை விட்டுவிட்டு, துகளை எண்ணுகிற மெஷின் வைத்தார்கள். பெல்ஜியத்தில் 2022 ஜூலையிலும், நெதர்லாந்தில் 2023 ஜனவரியிலும், ஜெர்மனியில் 2023 ஜூலையிலும் இது வந்துவிட்டது. வண்டி சும்மா ஓடிக்கொண்டு நின்றாலே போதும். குழாயில் செருகினால் ஒரு கன சென்டிமீட்டர் புகையில் எத்தனை துகள் என்று சொல்லிவிடும். பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் 10 லட்சத்தைத் தாண்டினால் தோல்வி. வடிகட்டி நன்றாக உள்ள வண்டியின் எண்ணிக்கை அதற்கு மிகமிகக் கீழே இருக்கும், வடிகட்டி இல்லாத வண்டி பல மடங்கு மேலே போகும். நடுவில் சந்தேகத்துக்கு இடமில்லை. பெடலை யார் எப்படி அழுத்தினார் என்ற தகராறும் இல்லை. பாரத் 6 என்பதே ஐரோப்பாவின் அளவைப் பார்த்து எழுதியதுதான். அளவை எடுத்துக்கொண்டவர்கள் அளக்கிற மெஷினை எடுத்துக்கொள்ளவில்லை.

போன சித்திரையில் என் பழைய ஸ்கூட்டருக்குச் சான்றிதழ் வாங்கப் போனேன். எந்த இடம் என்பது வேண்டாம். பையன் செல்போனில் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்தான். எடுத்த கையோடு "ரெடி ஐயா, பிரிண்ட் போடறேன்" என்றான்.

"குழாயில ஒண்ணும் விடலையேப்பா?"

"உங்க வண்டி நல்ல வண்டிதான் ஐயா. சத்தத்துலயே தெரியுது."

விட்டுத்தான் பார்க்க வேண்டும் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மூலையில் சுருட்டிக் கிடந்த குழாயை எடுத்துத் தூசி தட்டி மாட்டினான். பின்னால் நின்றவர் "பெருசு, சீக்கிரம்" என்றார். வண்டி பாஸ்தான். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு சான்றிதழுக்கு இவ்வளவு என்று அவன் முதலாளிக்கு வருமானம். பெயில் போட்டால் வண்டிக்காரர் அடுத்த கடைக்குப் போவார், அங்கே பாஸ் வாங்குவார். பெயில் போடுகிற கடை ஆறு மாதத்தில் மூட வேண்டியதுதான். ஏற்பாடே அப்படி.

நான் பார்த்தது ஒரு கடை, ஒரு பையன். இதை வைத்து ஊரைச் சொல்லலாமா என்று கேட்பவர்களுக்காக டெல்லிக் கணக்கைச் சொல்கிறேன். மத்திய தணிக்கைத் துறை டெல்லியின் வண்டிப் புகையைப் பற்றிக் கொடுத்த அறிக்கை 2025 ஏப்ரலில் அந்தச் சட்டசபையில் வைக்கப்பட்டது. 2015 ஆகஸ்டிலிருந்து 2020 ஆகஸ்ட் வரை சோதனை செய்த 22.14 லட்சம் டீசல் வண்டிகளில் 24 சதவீதத்துக்குச் சோதனை அளவே பதிவாகவில்லை. 4,007 வண்டிகளுக்கு அளவு மீறியிருந்தும் பாஸ் போட்டிருக்கிறார்கள். 7,643 இடங்களில் ஒரே நிலையத்தில் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகள் சோதிக்கப்பட்டதாகப் பதிவு. 76,865 வண்டிகளுக்கு வண்டியைச் சோதித்துச் சான்றிதழும் கொடுக்க ஆன நேரம் ஒரே நிமிடம். நான் முப்பத்தைந்து வருடம் கிளார்க்காக இருந்தவன். தணிக்கைக்காரர்கள் வந்தால் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும், ஏனென்றால் அவர்கள் நேரத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஒரு நிமிடத்தில் ஒரு லாரியின் பெடலைச் சில தடவை அழுத்திப் பார்க்கக்கூட முடியாது. தலைநகரத்தில், உச்ச நீதிமன்றத்தின் கண் முன்னால் இது நடந்தால் மற்ற ஊர்களில் சுத்தமாக நடக்கிறது என்று நம்ப எனக்கு வயது போதாது.

பிரான்சில் இருக்கும் என் தங்கை மகன் போன வருடம் வந்தபோது இதைப் பேசிக்கொண்டிருந்தோம். அங்கே 1992லிருந்து கார்களுக்குக் கட்டாயமாக "கோந்த்ரோல் தெக்னிக்" என்று ஒரு சோதனை. லாரிகளுக்கு வருடா வருடம். நம் ஊரில் பாதிப் பேருக்கு அங்கே சொந்தக்காரர்கள் இருப்பதால் இந்த வார்த்தை உங்களுக்கும் காதில் விழுந்திருக்கும். சோதனை செய்கிற நிலையம் வண்டி ரிப்பேரும் செய்யக்கூடாது, வியாபாரமும் செய்யக்கூடாது என்பது அங்கே சட்டம். தோற்பது சாதாரணம். தோற்ற வண்டியைச் சரி செய்துகொண்டு இரண்டு மாதத்துக்குள் மறுபடி காட்ட வேண்டும். பெரிய ஆபத்தான குறை என்றால் அன்று நள்ளிரவோடு வண்டி ஓடக்கூடாது. அவனுடைய பழைய ரெனோ இரண்டு தடவை தோற்றதாம். அதைச் சொல்ல அவனுக்கு வெட்கம் இல்லை, எல்லார் வண்டியும் தோற்கிறது.

பிரான்ஸ் யோக்கியம், நாம் அயோக்கியம் என்று சொல்ல வரவில்லை. வெள்ளைக்காரன் ஏமாற்றினதையும் சொல்லிவிடுகிறேன். 2015 செப்டம்பரில் வோக்ஸ்வாகன் கம்பெனி பிடிபட்டது. சோதனை நடக்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரிந்தால் வண்டி நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும், ரோட்டுக்கு வந்தால் விஷத்தைக் கக்கும். உலகம் முழுக்க ஒரு கோடியே 10 லட்சம் வண்டிகள். கண்டுபிடித்தது எப்படி? அமெரிக்காவில் வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காரர்கள் அளக்கும் மெஷினை வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். அதே அமெரிக்காவில் டீசல் பிக்கப் வண்டிகளில் வடிகட்டியைப் பிடுங்கிவிட்டு வேண்டுமென்றே கரும்புகை கக்குவதை ஒரு வீர விளையாட்டாக வைத்திருக்கிறார்கள். பத்து வருடத்தில் ஐந்தரை லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளில் இப்படிப் பிடுங்கியிருக்கிறார்கள் என்று அவர்கள் அரசாங்கமே 2020இல் கணக்குச் சொன்னது. அங்கே கணக்கு எடுத்தார்கள். பிடுங்கிக் கொடுக்கிற கடைகள் மேலும் அதற்கான சாமான் விற்கிறவர்கள் மேலும் வழக்குப் போட்டார்கள். இங்கே எத்தனை வண்டி என்ற எண்ணே கிடையாது.

நம் சட்டத்தைப் பாருங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு, புகை விதியை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம். புகைச் சான்றிதழ் கையில் இல்லாதவனுக்குக் காட்டுகிற பயமும் இதுதான். வண்டியில் இருக்க வேண்டிய சாமானைப் பிடுங்கி மாற்றம் செய்கிற உரிமையாளருக்கு 182ஏ(4) பிரிவில் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய். சிறைத் தண்டனையும் இரண்டுக்கும் ஏட்டில் இருக்கிறது. ஆனால் ரூபாய்க் கணக்கில், காகிதத்தைத் தொலைத்தவனுக்குப் பத்து, மெஷினைத் தொலைத்தவனுக்கு ஐந்து. யூரியாச் செலவிலேயே அந்த 5,000 சில மாதங்களில் திரும்பிவிடும். 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், புகைச் சான்றிதழ் இல்லாவிட்டால் இன்சூரன்ஸ் புதுப்பிக்கக்கூடாது என்றது. 2024 ஜூலையில் அதையும் தளர்த்திவிட்டார்கள். இன்சூரன்ஸ் இல்லாத வண்டிகள் பெருகி, விபத்தில் அடிபட்டவனுக்கு நஷ்டஈடு கிடைக்காமல் போகிறது என்பது காரணம். அது நியாயமான காரணம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் காகிதத்தைக் காகிதத்தோடு முடிச்சுப் போடுவதில்தான் ஏழு வருடம் போயிற்று. குழாய்க்குக் கீழே யாரும் குனியவில்லை.

என் அப்பா காலத்துப் பத்திரங்கள் இன்னும் பெட்டியில் இருக்கின்றன. பிரெஞ்சு நிர்வாகத்தில் ஒரு அதிகாரி காகிதத்தில் கையெழுத்துப் போடும் முன் "வ்யூ" என்று எழுதுவார். பார்த்தேன் என்று அர்த்தம். அவர் எத்தனை தடவை பார்க்காமலே எழுதினாரோ தெரியாது, அந்தக் காலத்திலும் ஆள் ஆள்தான். ஆனாலும் அந்த வார்த்தை அங்கே இருந்தது. பிறகு பிழையென்று வந்தால் "நீ பார்த்தேன் என்று எழுதியிருக்கிறாயே" என்று கேட்க முடியும். இன்றைய புகைச் சான்றிதழில் வண்டியின் படம் இருக்கிறது, ஒட்டுக்கட்டம் இருக்கிறது, நம்பர்கள் இருக்கின்றன. வடிகட்டி இருக்கிறதா, யூரியாப் பெட்டி வேலை செய்கிறதா என்று ஒரு மனிதன் பார்த்ததாக எழுத இடமில்லை. அதை ஒரு வரியாகச் சேர்க்க எவ்வளவு செலவு ஆகும்? பார்த்தவர் பெயரோடு, கையெழுத்தோடு.

இதைச் சொன்னால் என் நண்பர்களே என்னைக் கேலி செய்கிறார்கள். லாரியை நிறுத்திவிட்டால் அரிசி எப்படி வரும் என்கிறார் ஒருவர். நான் லாரியை நிறுத்தச் சொல்லவில்லை. காசு கொடுத்து வாங்கிய சாமானோடு ஓடச் சொல்கிறேன். போகியில் டயர் கொளுத்துகிறார்களே, தீபாவளிக்கு வெடிக்கிறார்களே என்கிறார் இன்னொருவர். அது வருடத்தில் இரண்டு மூன்று நாள். கோரிமேட்டுச் சாலையில் தினமும் ராத்திரி போகி. நம் வயதுக்கு இனி என்ன சார், நாலு வருடமோ ஆறு வருடமோ என்கிறவருக்கு மட்டும் நான் பதில் சொல்வதில்லை. அவர் பேரன் அதே சாலையைத் தாண்டித்தான் பள்ளிக்கூட வேனுக்கு நிற்கிறான்.

கிளார்க் வேலை பார்த்தவனுக்குத் தெரிந்த ஆயுதம் மனுதான். ஐந்து மாதத்துக்கு முன் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு ஒரு மனு கொடுத்தேன். மூன்று கோரிக்கை. இரவில் லாரிகள் வருகிற சாலையில் மாதம் ஒரு நாளாவது நிறுத்திக் குழாயைத் தட்டிப் பார்க்க ஒரு மெக்கானிக்கோடு ஆள் போடுங்கள், காலிப் பெட்டியைத் தட்டினாலே சத்தம் காட்டிக்கொடுக்கும் என்பது முதலாவது. துகள் எண்ணும் மெஷின் ஒன்றே ஒன்றாவது சோதனைக்காக வாங்கிப் பாருங்கள் என்பது இரண்டாவது. சான்றிதழ் கொடுக்கிற நிலையங்களில் எத்தனை சதம் தோல்வி என்று மாதாமாதம் வெளியே ஒட்டுங்கள் என்பது மூன்றாவது. மனு பெற்றுக்கொண்டதற்கு ரப்பர் ஸ்டாம்ப் வைத்துக் கொடுத்தார்கள். அவ்வளவுதான் இதுவரை.

அதனால் போன திங்கட்கிழமை 10 ரூபாய் கட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டிருக்கிறேன். கேள்விகள் இவை. கடந்த மூன்று நிதியாண்டுகளில் இந்த எல்லைக்குள் புகைப் பரிசோதனை செய்யப்பட்ட கனரக டீசல் வண்டிகள் எத்தனை. அவற்றில் தோல்வியடைந்தவை எத்தனை. தோல்வியடைந்தவற்றில் மறு சோதனைக்கு வந்தவை எத்தனை. 182ஏ(4) பிரிவின் கீழ் புகைக்குழாய் மாற்றத்துக்காக லாரிகள் மேல் போட்ட வழக்குகள் எத்தனை. அதே காலத்தில் சைலன்சர் மாற்றத்துக்காக மோட்டார் சைக்கிள்கள் மேல் போட்டவை எத்தனை. பதில் தர அவர்களுக்கு 30 நாள் இருக்கிறது. உங்களில் யாராவது விழுப்புரம், கடலூர், காரைக்கால் பக்கம் இருந்தால் இதே ஐந்து கேள்வியை உங்கள் ஊருக்கும் போட்டுப் பாருங்கள். மனுவின் நகல் வேண்டுமென்றால் எழுதுங்கள், அனுப்பி வைக்கிறேன். எனக்கு வருகிற பதிலை, "தகவல் இல்லை" என்று வந்தாலும், எண்ணோடும் தேதியோடும் இங்கே போடுகிறேன்.